'ஆல்வேஸ் சன்னி'யில் ஐந்து பேர் திருந்துவதே இல்லை, சரி. அதற்கு விலை கொடுப்பது யார்?

கீழவீதி

17-ஆம் சீசன் வரை பார்த்துவிட்டு எழுதுகிறேன். கதை முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் பிலடெல்பியா' என்ற அமெரிக்க சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். பிலடெல்பியாவின் தென்பகுதியில் ஈ ஓட்டும் 'பாடிஸ்' என்ற ஒரு பார், அதை நடத்தும் ஐந்து சுயநலப் பிண்டங்கள் (டென்னிஸ், டீ என்ற பெண், மேக், சார்லி, கிழவர் ஃபிராங்க்), 2005-இல் ஆரம்பித்து இருபது வருடம் ஆகியும் ஒருத்தரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, அதுதான் இதன் அழகு. அந்த ஐந்து பேரைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் இந்தத் தொடரில் ஒருத்தன் சீசனுக்கு சீசன் நம் கண்ணெதிரே மாறிக்கொண்டே வருகிறான். ரிக்கெட்டி கிரிக்கெட்.

அவனுக்கு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2-ஆம் சீசனில் முதன்முதலாக வரும்போது அவன் ஒரு பாதிரியார். பார் சுவரில் ஒரு நீர்க்கறை கன்னி மேரி மாதிரித் தெரிகிறது, அதை வைத்து இவர்கள் காசு பார்க்க நினைக்கிறார்கள். பள்ளியில் தன் பின்னால் சுற்றிய பையன்தானே என்று டீ அவனுக்கு ஆசை காட்ட, அவன் அங்கியைக் கழற்றி வீசிவிட்டு அவள் முன்னால் வந்து நிற்கிறான். அவள் கையை விரித்துவிடுகிறாள். அடுத்த சீசனில் அவன் தெருவில் படுத்துக் கிடக்கிறான், இவர்கள் அவனைப் பிடித்து கோகெயின் விற்க அனுப்புகிறார்கள், மாஃபியா ஆட்கள் காலை உடைக்கிறார்கள். 4-இல் மேக்கும் டென்னிஸும் பொழுதுபோகாமல் அவனை வேட்டையாடக் கிளம்புகிறார்கள். 5-இல் ஃபிராங்க் மல்யுத்த மேடையில் குப்பைத்தொட்டி சகிதம் ஏறி அவன் கழுத்தை அறுத்துவிடுகிறார். 9-ஆம் சீசனின் கடைசி எபிசோடில் தீப்பிடித்து முகத்தில் பாதி வெந்துபோகிறது. ஒவ்வொரு தழும்பும் அடுத்த சீசனில் அப்படியே இருக்கிறது. ஒப்பனைக்காரர் மறப்பதே இல்லை.

மற்ற சிட்காம்களில் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எல்லோருக்கும். இதில் அந்தச் சலுகை ஐந்து பேருக்கு மட்டும். அவர்கள் செய்த அத்தனையும் அடுத்தவன் உடம்பில் ஏறிக்கொண்டே போகிறது. இதை எழுதியவர்கள் தெரிந்துதான் செய்கிறார்கள் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் வாருங்கள்.

மிக்சர் பொட்டலம்

கிரிக்கெட் என்ற பெயரைப் பார்த்து விளையாட்டுப் பகுதி இழைதான் இடம் மாறி வந்துவிட்டதோ என்று உள்ளே வந்தேன்.

நான் இந்தத் தொடரை முதல் சீசனோடு விட்டவன். காரணம் ரொம்பச் சாதாரணம், தலைவலி. நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யார் பேசுவது யார் கேட்பது என்றே தெரியவில்லை. ஒரு தொடரில் பிடித்த ஆள் என்று ஒருத்தராவது வேண்டாமா? கெட்டவனாகவே இருக்கட்டும், பார்க்கிறவன் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கொம்பு வேண்டும். இதில் அதுவும் இல்லை. இவ்வளவு வருடம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையிலேயே கேட்கிறேன்.

பழைய ஆன்டெனா

மிக்சர், முதல் சீசனோடு விட்டதுதான் உங்கள் பிரச்சினை. அது வெறும் 7 எபிசோடு. அப்போது ஃபிராங்கே கிடையாது.

இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கத்தலுக்கும் காரணம் புரியும். மேக்காக நடிக்கும் ராப் மெக்கெல்ஹென்னி அப்போது லாஸ் ஏஞ்சலஸில் சர்வராக வேலை பார்த்துக்கொண்டே வாய்ப்புத் தேடிய நடிகர். அவர் மனதில் ஒரு காட்சி. ஒருவன் நண்பன் வீட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரை வாங்கப் போகிறான், நண்பன் தனக்குப் புற்றுநோய் என்கிறான், வந்தவனுக்கோ சர்க்கரையை வாங்கிக்கொண்டு எப்படி இடத்தைக் காலி செய்வது என்பது மட்டும்தான் கவலை. இதை க்ளென் ஹவர்டன் (டென்னிஸ்), சார்லி டே (சார்லி) இருவரையும் சேர்த்துக்கொண்டு சின்ன டிஜிட்டல் கேமராவில் வீட்டிலேயே எடுத்தார்கள். முதல் சீசனில் 'சார்லிக்குப் புற்றுநோய்' என்று வரும் எபிசோடு அதிலிருந்து வந்ததுதான். மொத்தத் தொடரும் அந்தச் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் இருக்கிறது என்பேன்.

முதலில் எழுதியபோது அது லாஸ் ஏஞ்சலஸில் வாய்ப்புத் தேடும் நடிகர்களின் கதை. எஃப்எக்ஸ் சேனல், நடிகர்களைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தொடர்கள் ஓடுகின்றன, இடத்தை மாற்றுங்கள் என்றது. மெக்கெல்ஹென்னிக்குச் சொந்த ஊர் பிலடெல்பியா. அப்படித்தான் பாடிஸ் பார் பிறந்தது. (படப்பிடிப்பில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில்தான். பாரின் வெளித்தோற்றமாகக் காட்டும் கட்டடமும் லாஸ் ஏஞ்சலஸில்தான் இருக்கிறது. பிலடெல்பியா போய்த் தேடாதீர்கள்.)

முதல் சீசனைப் பெரிதாக யாரும் பார்க்கவில்லை. சேனல் தலைவர் ஜான் லேண்ட்கிராஃப் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்றார். அவர் முன்பு டேனி டிவிட்டோவின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அந்தப் பழக்கத்தில் ஃபிராங்க் பாத்திரத்துக்கு டிவிட்டோவையே கொண்டுவந்தார். மெக்கெல்ஹென்னிக்கு முதலில் இஷ்டமில்லை. பெரிய நடிகர் வந்தால் தொடரின் அழுக்கு போய்விடுமோ என்று பயந்திருப்பார். நடந்தது நேர்மாறு, ஐவரில் அதிக அழுக்கு அந்தக் கிழவர்தான். பணக்காரத் தொழிலதிபர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு சார்லியின் ஒற்றை அறையில், ஒரே சோஃபா மெத்தையில் ஒண்டிக்கொள்கிறார். வியட்நாமில் நல்ல நல்ல ஆட்களையெல்லாம் பறிகொடுத்தேன் என்று போர்வீரர் மாதிரி கண்கலங்கிச் சொல்வார். போனது 1993-இல், அடிமாட்டுக் கூலிக்குத் தையல் தொழிற்சாலை திறக்க. அந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை

கீழவீதி, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொடருக்கு நீங்களே வக்கீல் வேலை பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

தழும்பு மறையவில்லை என்பதால் மட்டும் அதை நியாயம் என்று சொல்லிவிட முடியுமா? அந்தத் தழும்பைப் பார்த்துத்தானே சிரிக்க வைக்கிறார்கள்? கிரிக்கெட் ஒவ்வொரு முறை கதவைத் திறந்துகொண்டு வரும்போதும் "இந்த முறை இவனுக்கு என்ன ஆச்சு" என்பதுதான் நகைச்சுவை. அவன் படும் பாட்டை ஞாபகம் வைத்திருப்பது வேறு, அதை வைத்து வியாபாரம் பண்ணுவது வேறு.

இன்னொரு ஆளை நீங்கள் விட்டுவிட்டீர்கள். காப்பிக்கடையில் வேலை செய்யும் அந்தப் பெண், கடைசி வரை அவளுக்குப் பெயரே கிடையாது, 'வெயிட்ரெஸ்' அவ்வளவுதான். சார்லி வருடக்கணக்கில் அவள் பின்னால் போகிறான், அவள் குப்பையைக் கிளறுகிறான், வேண்டாம் என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. குடியை நிறுத்தப் பாடுபடுகிறவள், இவர்கள் பக்கத்தில் வரும்போதெல்லாம் சறுக்குகிறாள். இந்த ஊரிலேயே நியாயமாக எரிச்சல்படும் ஒரே ஆள் அவள், அவளையே சிடுமூஞ்சியாகக் காட்டுகிறார்கள். நடித்த மேரி எலிசபெத் எல்லிஸ் நிஜத்தில் சார்லி டேயின் மனைவி, அது தெரிந்தால் கொஞ்சம் சிரிப்பு வரும், ஒத்துக்கொள்கிறேன். தெரியாமல் பார்த்தால்?

படகுக் காட்சியையும் யாராவது எடுத்து வைப்பீர்கள் என்று தெரியும், எடுத்து வையுங்கள், பேசலாம்.

கடைசி பெஞ்ச்

வெள்ளிக்கிழமை அக்கா வந்தால் இழை சூடாகிவிடும் என்று தெரியும். டீ கடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நடத்துங்கள்.

கீழவீதி

வெள்ளிக்கிழமை, படகுக் காட்சியை நானே எடுத்து வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: 6-ஆம் சீசன், கும்பல் ஒரு ஓட்டைப் படகு வாங்குகிறது. டென்னிஸும் மேக்கும் ஒரு கடையில் படகுக்குச் சாமான் வாங்குகிறார்கள். ஒரு பெண்ணை நடுக்கடலுக்குக் கூட்டிப்போனால் அவள் மறுக்கமாட்டாள், ஏனென்றால் சுற்றிலும் தண்ணீர், மறுத்தால் என்ன ஆகுமோ என்று அவளே நினைத்துக்கொள்வாள் என்று டென்னிஸ் விளக்குகிறான். நிதானமாக, தவணைத் திட்டம் விற்க வந்தவன் மாதிரி. மேக் சாதாரணமாக யோசிக்கவே மாட்டான், அவனுக்கே எங்கோ இடிக்கிறது. அந்தப் பெண்களுக்கு ஆபத்து ஏதாவது உண்டா என்று கேட்கிறான். அதெல்லாம் ஒன்றும் கிடையாது, ஆனால் இருக்குமோ என்று அவள் நினைப்பாள் என்கிறான் இவன். மேக் திரும்பவும் கேட்கிறான், அப்படியென்றால் ஆபத்து இருக்கிறதா? டென்னிஸுக்கு எரிச்சல் வருகிறது. கடையில் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண் இதையெல்லாம் கேட்டு அவனை முறைக்கிறாள். அவளிடம் அவன், நீ ஏன் முறைக்கிறாய், உனக்கெல்லாம் ஒரு ஆபத்தும் வராது என்கிறான்.

இந்தக் காட்சியில் சிரிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். டென்னிஸ் பேச்சில் இல்லை. மேக் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதில் வருகிறது, அந்தப் பெண்ணின் முறைப்பில் வருகிறது. டென்னிஸ் தன்னைப் பெரிய ஆணழகன் என்று நினைக்கிறான், கூட இருக்கும் மடையனுக்கே அவனைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. படம் முழுக்கப் பெண்ணைத் துரத்துகிறவனை நாயகன் என்று கைதட்ட வைக்கும் கதைகளைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

வெயிட்ரெஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் 12-ஆம் சீசனின் கடைசியில் அவள் சம்மதிக்கும்போது என்ன நடக்கிறது? பத்துப் பன்னிரண்டு வருடம் ஏங்கியவன், கிடைத்த மறுநிமிடம் விழிக்கிறான். அவனுக்கு வேண்டியிருந்தது அவள் இல்லை, துரத்துவதுதான். விடாமல் துரத்தினால் காதல் கனியும் என்ற கதையைக் கட்டிவைத்துக் கடைசியில் காலி செய்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை

படகுக் காட்சியை விட்டுத்தருகிறேன், அது நன்றாக எழுதியது. அந்தப் பெண்ணின் முறைப்பு இல்லாமல் இருந்தால் விட்டுத்தந்திருக்க மாட்டேன்.

ஆனால் கிரிக்கெட் பற்றிய உங்கள் கட்சியை உங்கள் தொடரே உடைக்கிறது. 12-ஆம் சீசனில் முழுக்க அவன் பார்வையிலேயே ஒரு எபிசோடு வருகிறதே, 'எ கிரிக்கெட்ஸ் டேல்', நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. அவன் அப்பா அவனைத் திரும்பக் குடும்பத் தொழிலுக்குக் கூப்பிடுகிறார். குளித்து, சட்டை மாற்றி, வாழலாமா என்று யோசிக்கிறான். இடையில் ஒரு பெண் மேல் காதல் வேறு. கடைசியில் பார்த்தால் அது பெண்ணே இல்லை, நாய், போதையில் அவனுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. எல்லாம் போய் அவன் தெருவுக்கே திரும்புகிறான். அதாவது, வெளியேற வழி இருந்தது, கெடுத்தது அவன் போதைதான், கும்பலுக்கு இதில் பங்கில்லை என்று தொடர் கைகழுவுகிறது. கணக்கு எழுதியவர்களே கடைசி வரியில் 'செல்லாது' என்று அடித்துவிட்டார்கள்.

கீழவீதி

கைகழுவுவதாக எனக்குத் தோன்றவில்லை. அவனை அந்தத் தெருவில் கொண்டுபோய் விட்டது யார்? போதையில் முதலில் தள்ளியது யார்? எழுந்திருக்கத் தெம்பு இல்லாத அளவுக்கு ஒருவனை அடித்துப் போட்டுவிட்டு, பதினொரு வருடம் கழித்துக் கை நீட்டினால் அவன் பிடிக்கவில்லை என்பது அவன் குற்றமா? அந்த எபிசோடைக் கும்பல் பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. அவன் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். அதில் மற்ற ஐந்து பேரும் ஓரமாக வந்து போகும் துணைப் பாத்திரங்கள், அவர்களுக்கு அன்றைக்கு அவன் வாழ்க்கை முடிவாகிறது என்றே தெரியாது.

இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம். பரவாயில்லை.

இரவு ஷிஃப்ட்

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறவன், இதற்கு மட்டும் எழுதுகிறேன். எல்லோரும் கொடுமையைப் பற்றியே பேசுகிறீர்கள், 10-ஆம் சீசன் 'சார்லி வொர்க்' பற்றி யாரும் பேசவில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் வேலை பார்த்தவன். சுகாதார ஆய்வாளர் வருகிறார் என்றால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்னால் மேனேஜர் சிரித்துக்கொண்டு நிற்பார், பின்னால் ஒருத்தன் குளிர்பெட்டி ரப்பரைத் துடைப்பான், இன்னொருத்தன் தேதி ஸ்டிக்கர் கிழிந்த டப்பாவை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு சுற்றுவான். அதை அப்படியே எடுத்திருக்கிறார்கள். பாருக்கு ஆய்வாளர் வருகிற அதே நாள் மற்ற நாலு பேரும் விமானப் பயணப் புள்ளிகள் சேர்க்க ஏதோ ஒரு மோசடி செய்ய, பாருக்குள் உயிருள்ள கோழிகள் வந்து இறங்குகின்றன. சார்லி ஒருத்தன் ஓடுகிறான். கேமராவும் வெட்டே இல்லாததுபோல் அவன் பின்னாலேயே ஓடுகிறது, முன்கதவு, பின்சந்து, நிலவறை, திரும்ப மேலே. ஆய்வாளர் பெண் ஒரு கதவு வழியாக வெளியேறும் நொடியில் இன்னொரு கதவு வழியாகக் கோழி போகிறது.

படிக்கத் தெரியாதவன், பசை முகர்கிறவன், எலி அடிப்பவன், அந்த பாரில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். பார் பாஸ் ஆகிறது. மற்றவர்களுக்குத் தங்கள் கோழித் திட்டம் என்ன ஆச்சு என்பதுதான் கவலை. என் கூட வேலை செய்தவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினால் ஆளுக்கொரு பெயர் சொல்லுவார்கள், இவன் இன்னார் என்று.

மிக்சர் பொட்டலம்

இரவு ஷிஃப்ட், இதைப் பார்க்கத் தோன்றுகிறது. முன்கதை தெரியாமல் பார்த்தால் புரியுமா?

இரவு ஷிஃப்ட்

புரியும். சார்லி யார் என்று தெரிந்தால் இன்னும் நன்றாக இருக்கும், தெரியாவிட்டாலும் ஓடும்.

பழைய ஆன்டெனா

டீ பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை சொன்னதற்குத் தொடர்புடையது. முதல் சீசனில் டீ நல்லவள். மூன்று பையன்களும் முட்டாள்தனம் செய்ய, இவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பாள். டீயாக நடிக்கும் கெய்ட்லின் ஓல்சன் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் சிரிப்புக் காட்ட இடம் வேண்டும் என்றார். பெண்ணுக்கு எப்படி எழுதுவது என்று தங்களுக்குத் தெரியவில்லை என்று மெக்கெல்ஹென்னியே பின்னால் சொல்லியிருக்கிறார். அப்புறம் டீயும் மற்றவர்கள் அளவுக்கே கேவலமான ஆளானாள், தொடர் அங்கேதான் நிமிர்ந்தது. மெக்கெல்ஹென்னியும் ஓல்சனும் 2008-இல் கல்யாணமே செய்துகொண்டார்கள்.

9-ஆம் சீசனின் முதல் எபிசோடில் அந்த டீயை என்ன செய்கிறார்கள் பாருங்கள். அவள் மனம் விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறாள், என்ன கிண்டல் செய்தாலும் சுரணை இல்லை, குப்பையில் கிடந்த கேக்கை எடுத்துத் தின்கிறாள். மேடை நகைச்சுவைக்குப் போகிறாள், தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்ளும் ஜோக்குகள் எடுபடுகின்றன, ஏஜெண்ட் வருகிறான், தொலைக்காட்சி வாய்ப்பு வருகிறது. திரை விலகி மேடைக்கு வருகிறாள், வந்து நிற்கும் இடம் பாடிஸ் பார். அத்தனையும் கும்பல் போட்ட நாடகம். ஒருத்தியை ஒரு நிமிடம் அவமானப்படுத்த அத்தனை செலவு, அத்தனை உழைப்பு. அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை பார் மேல் காட்டியிருந்தால் பிலடெல்பியாவிலேயே பெரிய பாராகியிருக்கும்.

கடைசி பெஞ்ச்

அதே சீசனில் விருது வாங்கத் துடிக்கும் எபிசோடும் உண்டு. ஊரில் பேர்பெற்ற இன்னொரு பாருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாடிஸில் பளிச்சென்று விளக்குப் போட்டு, அளவாகச் சிரித்து, இளசுகள் இரண்டு பேருக்கு நடுவே காதல் வருமா வராதா என்று இழுத்து, விருது வாங்கும் சிட்காம் மாதிரியே நடிப்பார்கள். கடைசியில் சார்லி நிலவறையிலிருந்து வந்து எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டி ஒரு பாட்டுப் பாடித் துப்புவான். எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதுக்காரர்களுக்கு அவ்வளவு நேரடியாக யாரும் கடிதம் எழுதியதில்லை. அவர்களும் சளைத்தவர்கள் இல்லை, இந்தத் தொடருக்கு எம்மி பரிந்துரை கொடுத்ததே சண்டைக்காட்சி அமைப்புக்குத்தான்.

அரைத்தூக்கம்

எல்லோரும் பாராட்டுமழை பொழிகிறீர்கள், நான் கொஞ்சம் குடை பிடிக்கிறேன். இந்தத் தொடர் 2018-இல் செத்துவிட்டது. 13-ஆம் சீசன் கடைசி எபிசோடில் மேக் நடனம் ஆடினானே, அன்றைக்கே.

தான் தன்பாலீர்ப்பாளன் என்பதைச் சிறையில் இருக்கும் அப்பாவிடம் சொல்லத் தெரியாமல், மழையில் ஒரு பெண்ணோடு ஐந்து நிமிடம் நிஜமான பாலே மாதிரி ஆடுகிறான். ஒரு ஜோக் இல்லை. கைதிகள் கண்கலங்கிப் பார்க்கிறார்கள், ஃபிராங்க் "இப்போது புரிகிறது" என்கிறார். ஆட்டம் அருமை, மெக்கெல்ஹென்னி அதற்காகப் பயிற்சி எடுத்திருப்பது தெரிகிறது, எல்லாம் சரி. ஆனால் இது வேறு ஏதோ தொடரின் கடைசிக் காட்சி. பத்து வருடத்துக்கு மேல் யாருக்கும் எதுவும் புரியாது என்று சொல்லிவிட்டு, திடீரென்று ஒருவருக்குப் புரிந்துவிட்டது என்றால் நான் எங்கே போவேன்?

கீழவீதி

அரைத்தூக்கம், அந்த எபிசோடு எப்படித் தொடங்குகிறது என்பதை மறந்துவிட்டீர்கள். ஃபிராங்க் எதற்காக மேக் பின்னால் அலைகிறார்? தன்பாலீர்ப்பாளர்களின் பிரைடு ஊர்வலத்தில் பாடிஸ் பார் வண்டியில் மேக்கை ஏற்றி நிறுத்தினால் அந்தக் கூட்டம் குடிக்க வரும் என்பதற்காக. கல்லாப்பெட்டிக்காக ஆரம்பித்த வேலை அது. அப்பா லூதர் என்ன செய்தார்? பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டார். நெகிழ்ச்சியான தொடராக இருந்திருந்தால் அவர் கட்டிப்பிடித்திருப்பார்.

அதற்கு முன் 12-ஆம் சீசனில் மேக் வெளிப்படையாகச் சொன்னதும் எப்படி? ஒரு லாட்டரிச் சீட்டு யாருக்கு என்ற சண்டையில், தான் அப்படிப்பட்டவன் என்று ஒப்புக்கொண்டால் சீட்டு கைக்கு வரும் என்பதால். மற்றவர்கள் சீட்டு கிடைத்ததும் பழையபடி மறுத்துவிடுவான் என்று எதிர்பார்க்கிறார்கள். அவன் மறுக்கவில்லை, இப்படியே இருந்துவிடுகிறேன் என்கிறான். பத்து வார்த்தையில் முடிந்தது. எனக்கு நடனத்தைவிட அதுதான் பிடிக்கும், அந்த அளவுக்கு உங்கள் பக்கம் வருகிறேன்.

வெள்ளிக்கிழமை

இந்த நடனத்தைப் பற்றி ஆண்கள் இவ்வளவு கோபப்படுவது எனக்கு எப்போதும் வேடிக்கை. பாலியல் வன்முறை ஜோக் வந்தால் "டார்க் காமெடி", ஒருவன் ஐந்து நிமிடம் அழுதால் "தொடர் செத்துவிட்டது".

அரைத்தூக்கம்

அக்கா, அடி பலம். ஆனாலும் செத்துவிட்டது.

பழைய ஆன்டெனா

நீக்கப்பட்ட எபிசோடுகளையும் சேர்த்துப் பேசினால் வெள்ளிக்கிழமையின் கேள்விக்கு இன்னொரு பக்கம் கிடைக்கும். 2020 ஜூனில் ஹூலு தளம் 5 எபிசோடுகளை எடுத்துவிட்டது. இவர்கள் வேறு இனத்தவர் மாதிரி முகத்துக்குச் சாயம் பூசி வருபவை. 'லீத்தல் வெப்பன்' படத்துக்குத் தாங்களாக 5-ஆம் பாகமும் 6-ஆம் பாகமும் எடுத்து, மேக் கறுப்பராக நடிப்பது அதில் உண்டு. முட்டாள்களைக் காட்டத்தானே செய்தார்கள் என்பது ஒரு கட்சி. முட்டாளைக் காட்டினாலும் சாயம் சாயம்தான் என்பது எதிர்க்கட்சி.

எனக்குப் பிடித்தது அவர்கள் அதைக் கையாண்ட விதம். அடுத்த வருடம் 15-ஆம் சீசனில், கும்பல் எடுத்த படங்களை நூலகம் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது என்று கதை. உடனே இவர்கள் 7-ஆம் பாகத்தை யார் மனமும் புண்படாமல் எடுக்கக் கிளம்புகிறார்கள். அதிலும் தங்களைத் தவிர யாரைப் பற்றியும் கவலை இல்லை. நீக்கியது தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. புண்படுத்தியவன் திருந்தியதாகப் பெயர் வாங்கத் துடிப்பது எவ்வளவு அசிங்கம் என்பதை மட்டும் காட்டினார்கள்.

கடைசி பெஞ்ச்

15-ஆம் சீசனில்தான் சாதனையும். அமெரிக்காவில் நிஜ நடிகர்கள் நடித்த சிட்காம்களிலேயே அதிக சீசன் கண்டது இதுதான். அதுவரை 'ஓசி அண்ட் ஹேரியட்' 14 சீசனோடு முதலிடத்தில் இருந்தது.

அரைத்தூக்கம்

சீசன் கணக்கில் மட்டும். அந்தப் பழைய தொடர் 1952-இலிருந்து 1966 வரை 435 எபிசோடு போனது. இவர்கள் இன்னும் 200-ஐத் தொடவில்லை. வருடத்துக்கு எட்டு எபிசோடு எடுத்துவிட்டு சாதனை என்கிறார்கள். கும்பலின் புத்தி தயாரிப்பாளர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

மிக்சர் பொட்டலம்

'சார்லி வொர்க்' பார்த்துவிட்டு வந்தேன். கோழி வரும் இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்ததில் வீட்டில் எழுந்துவிட்டார்கள். கத்தல் அதே கத்தல்தான், ஆனால் இதில் ஒருத்தன் வேலை செய்கிறான் என்பதால் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தது. அடுத்தது எதைப் பார்க்க? கிரிக்கெட்டை வரிசையாகப் பார்க்கலாமா?

கீழவீதி

கிரிக்கெட் வரிசைக்கு: 2-இல் நீர்க்கறை அற்புதம், 3-இல் மாஃபியா வரும் இரண்டு பாகம், 4-இல் மனித வேட்டை, 5-இல் மல்யுத்தம், 9-இல் நன்றி நவிலும் நாள் விருந்து. அந்த விருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தாங்கள் கெடுத்த எல்லோரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டு சமாதானம் பேசுகிறார்கள், மெக்பாய்ல் சகோதரர்கள் முதல் கிரிக்கெட் வரை. சமாதானம் சண்டையாகி, வீடு தீப்பற்றுகிறது. ஐந்து பேரும் வெளியே வந்து, விருந்தாளிகள் உள்ளே இருக்க, கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். பிறகு 12-இல் அவன் சொந்த எபிசோடு. அதைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சரியா நான் சரியா என்று வந்து சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை

அதோடு 2025-இல் வந்த 'அபாட் எலிமெண்டரி' கூட்டு எபிசோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஒரு பள்ளிக்கூடத்தில் டாக்குமெண்டரி எடுக்கிற மாதிரி நடக்கும் தொடர். நீதிமன்றம் சொல்லி இந்தக் கும்பல் அங்கே சேவை செய்யப் போகிறது. டென்னிஸ் கேமரா இருப்பதைப் பார்த்த உடனே நழுவிவிடுகிறான். அத்தனை வருடத் தொடரில் அவனைப் பற்றி நான் சொல்ல நினைத்தது எல்லாம் அந்த நழுவலில் இருக்கிறது. என் பக்கச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்.

கீழவீதி

அது எப்படி உங்கள் பக்கச் சாட்சி? எழுதியவர்களுக்கு அவன் யார் என்று தெரியும் என்பதற்கல்லவா சாட்சி?

வெள்ளிக்கிழமை

தெரிந்தும் இருபது வருடம் பாரிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. மிக்சர் பார்த்துவிட்டு வரட்டும், பேசலாம்.

கடைசி பெஞ்ச்

மிக்சர், முதல் சீசனைத் திரும்பத் தொடாதீர்கள். நேராக 2.

பழைய ஆன்டெனா

முதல் சீசனைத் தொடாதே என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தச் சர்க்கரை இல்லாமல் மற்றது ருசிக்காது.